பெயரும் பொருளும் வகையும்: தொழுநோய்ச் சொற்களை முன்வைத்து உயிர்மருத்துவப் பொருளமைப்புகளின் பொதுநெறிகள் குறித்த ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மும்பை நகரின் வடாலாப் பகுதியில் மாநகராட்சியின் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை அமைந்துள்ளது. 1890இல் தொடங்கப்பெற்றபோது, 'வீடற்ற தொழுநோயர் புகலிடம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை அது கொண்டிருந்தது. அது அமைந்த இடமும் அக்காலத்தில் மாட்டுங்கா என்றே ஆவணங்களில் குறிக்கப்பட்டது. அதனை நிறுவ முன்னின்ற நகராட்சி ஆணையர் ஹாரி ஆர்பத்நாட் ஆக்வொர்த், மராத்தியரின் 'பவாடா' என்னும் கதைப்பாடல்களைத் திரட்டி 1894இல் ஆங்கிலச் செய்யுளாக மொழிபெயர்த்து வெளியிட்டவர். புகலிடம் பின்னர் அவர் பெயரைப் பெற்றது, காலப்போக்கில் மருத்துவமனையாயிற்று. ஒரே நிறுவனத்தின் பெயரில் நேர்ந்த இம்மாற்றங்களுக்குப் பின்னால், நோய் பற்றிய கருத்தில் நேர்ந்த மாற்றங்களும் உள்ளன.

இன்று மருத்துவச் சொற்களை ஒழுங்குபடுத்தும் பணி, தனி அறிஞரின் அகராதிப் பணியாக இல்லாமல், பல நாட்டினர் கூடிக் கணினிவழி உருவாக்கும் கூட்டுப்பணியாக வளர்ந்துள்ளது. ஆங்கிலத்தில் 'ஆன்டாலஜி' எனப்படும் இவ்வமைப்பு இக்கட்டுரையில் 'பொருளமைப்பு' எனக் குறிக்கப்பெறுகிறது. ஒரு துறையின் கருத்துகளை வரையறுத்து, அவற்றிற்கிடையேயுள்ள உறவுகளைக் கணினி பின்பற்றத்தக்க முறையில் நிறுத்துவதே பொருளமைப்பு. இதனை உருவாக்குவோர் தமக்குள் வகுத்துக்கொண்ட பொதுநெறிகள் தமிழ்க் கலைச்சொல் ஆக்கத்திற்கு எந்த அளவு பயன்படும், எங்கே போதாமல் நிற்கும் என்பதை வடாலாவை மையமாகக்கொண்ட தொழுநோய்ச் சொற்களைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வடாலாவின் சொற்சூழல்

வடாலாவிற்கு அணித்தே மாட்டுங்காவும் தாராவியும் உள்ளன. இரண்டும் தமிழர் பல தலைமுறைகளாக வாழும் பகுதிகள். தாராவியில் தமிழ், மராத்தி, இந்தி, உருது முதலிய மொழிகள் அருகருகே வழங்குகின்றன. 1976இல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டம் தாராவியிலும் பணியாற்றியது. இத்தகைய சூழலில் நோயாளி சொல்வதும், கேட்பவர் உணர்வதும், எழுதுபவர் பதிவதும் ஒன்றாகவே இருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

சான்றாக, இந்தியில் 'கோட்' என்பது தொழுநோயைக் குறிக்கும். மராத்தியில் ஏறத்தாழ அதே ஒலியுடைய 'கோட்' என்பது தோல் வெளுக்கும் வெண்புள்ளி நிலையைக் குறிக்கும். இரண்டும் 'குஷ்ட' என்னும் வடசொல்லின் வழித்தோன்றல்கள். தேவநாகரியில் ஈற்றெழுத்தால் வேறுபடும் இவ்விரு சொற்களும் தமிழ் எழுத்தில் ஒரே வடிவம் பெற்றுவிடுகின்றன. தொழுநோய்க்கு மராத்தியில் 'மகாரோக்' என்றும் 'குஷ்டரோக்' என்றும் வழங்குவர். தமிழில் 'பெருநோய்' என்னும் சொல் மகாரோக் என்பதற்கு நேரான அமைப்புடையது. 'குட்டம்', 'குஷ்டம்', 'தொழுநோய்' என்பனவும் தமிழில் உள்ளன.

இவற்றுள் 'குட்டம்' என்பது தனித்து நோக்கத்தக்கது. சித்த மருத்துவ மரபு குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பகுக்கும். ஆயுர்வேதமும் குஷ்டத்தைப் பேரளவினவாக ஏழும் சிற்றளவினவாகப் பதினொன்றும் எனப் பதினெட்டாகவே கூறும். இப்பதினெட்டனுள் இன்றைய மருத்துவம் தொழுநோய் எனக் கொள்ளும் நிலைகளும் உள. வேறு தோல்நோய்கள் எனக் கொள்ளும் நிலைகளும் உள. எனவே குட்டம் என்பது தொழுநோயினும் விரிந்த பொருட்பரப்புடையது. இதனை மறந்து இரண்டையும் நிகரான சொற்களாக அகராதியில் அமைத்ததன் விளைவு 'வெண்குட்டம்' என்னும் சொல்லில் தெளிவாகத் தெரிகிறது. வெண்புள்ளி நிலை தொற்றுவதன்று; தொழுநோயோடு அதற்கு எவ்வகை உறவும் இல்லை. எனினும் பெயரின் பின்னொட்டே பலருடைய மணவாழ்க்கைக்கும் வேலைவாய்ப்புக்கும் இடையூறாயிற்று. பாதிக்கப்பட்டோரே இயக்கமாக நின்று 'வெண்புள்ளிகள்' என்னும் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். சித்த மருத்துவர் இந்நிலையை 'வெண்படை' என்பர்.

மற்றொரு சொல் 'தேமல்'. பொதுவழக்கில் நிறம் வெளிறிய எத்தகைய தோல் திட்டும் தேமலே. மருத்துவர் சிலர் இச்சொல்லைப் பூஞ்சையால் தோன்றும் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு வரையறுத்து வழங்குவர். தொழுநோய் விழிப்புணர்வு வாசகங்களோ 'உணர்ச்சியற்ற தேமல்' என்று அடைகொடுத்து, விரிந்த பொருளில் அச்சொல்லை ஆள்கின்றன. நோயாளி தேமல் என்று கூறியதைக் கேட்பவர் குறுகிய பொருளில் பூஞ்சை நோய் எனக் கொண்டால், உணர்ச்சிச் சோதனை செய்யப்படாமலே போகக்கூடும். 'மரத்துப்போதல்', 'மதமதப்பு' ஆகியவற்றிற்கு இடையேயுள்ள வேறுபாடும் இத்தகையதே. முன்னது உணர்வு இன்மையையும் பின்னது உணர்வு மழுங்கித் திரிந்த நிலையையும் சுட்டுவன. நரம்பு பாதிக்கப்படும் நோயில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது.

3. வகைப்பாட்டின் வரலாறு

சொற்குழப்பம் வட்டார மொழிகளுக்கு மட்டும் உரியது எனக் கருதுதல் பொருந்தாது. ஹான்சன் 1873இல் தொழுநோய் நுண்ணுயிரைக் கண்டறிந்த பின்னரும், நோயின் வகைகளைக் குறித்து மருத்துவ உலகம் நெடுங்காலம் உடன்பாடு காணவில்லை. 1931இல் மணிலாவிலும், 1938இல் கெய்ரோவிலும், 1953இல் மாட்ரிட்டிலும் கூடிய மாநாடுகள் வெவ்வேறு வகைப்பாடுகளை முன்வைத்தன. இந்திய அறிஞர் 1955இல் ஆறு பிரிவுகளைக் கொண்ட தனி வகைப்பாட்டை ஏற்றனர். நிறமாற்றத் திட்டும் உணர்விழப்பும் உடைய வகை அதில் தனிப்பிரிவாக இடம்பெற்றது. ரிட்லி, ஜாப்லிங் ஆகிய இருவரும் நோயாளியின் எதிர்ப்பாற்றலை அடிப்படையாகக் கொண்டு 1966இல் ஐந்து நிலைகளை நிறுவினர். 1981இல் இந்தியத் தொழுநோய் அறிஞர் சங்கம் தன் வகைப்பாட்டைத் திருத்தியபோது, மேற்கூறிய தனிப்பிரிவு 'டியூபர்குலாய்டு' வகையுள் அடக்கப்பட்டது.

1982இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபோது, களப்பணிக்கு உதவும் வகையில் நோயாளிகளை இரண்டே பிரிவுகளாக்கியது. நுண்ணுயிர் குறைந்த வகை 'பி.பி.' எனவும் மிகுந்த வகை 'எம்.பி.' எனவும் சுருக்கமாக வழங்கப்பட்டன. இங்கும் வரையறை நிலைத்து நிற்கவில்லை. முதலில் தோல்சுரண்டல் ஆய்வில் காணும் நுண்ணுயிரின் அளவே பிரிவினைக்கு அடிப்படை. 1988 முதல் ஆய்வில் நுண்ணுயிர் சிறிதளவு காணப்படினும் எம்.பி. எனக் கொள்ளப்பட்டது. 1998இல், ஆய்வுக்கூட வசதி இல்லாத இடங்களுக்கென, திட்டுகள் ஐந்து வரை இருப்பின் பி.பி. என்றும் ஐந்திற்கு மேற்படின் எம்.பி. என்றும் எண்ணிக்கையே அளவுகோலாயிற்று.

இதனால் 1985ஆம் ஆண்டுப் பதிவேட்டில் உள்ள 'பி.பி.' என்னும் குறியும் 1999ஆம் ஆண்டுப் பதிவேட்டில் உள்ள அதே குறியும் ஒரே பொருளன அல்ல. பெயர் மாறாமல் பொருள் மாறியமைக்கு இது தக்க சான்று. இவ்விரு பிரிவினர்க்கும் மருந்தின் எண்ணிக்கையும் சிகிச்சைக் காலமும் வேறுபட்டிருந்தமையால், இதனை வெறும் சொல்லாராய்ச்சிச் சிக்கலாகத் தள்ளிவிட இயலாது. பழைய பதிவேடுகளை ஒருங்கே தொகுத்து ஆராய முற்படுபவர், எந்த ஆண்டின் எந்த வரையறை என்பதை அறியாவிடின் தவறான முடிவுக்கே வருவர்.

சட்டத்திலும் வரையறையே மனிதரைப் பிரித்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், கொடியதும் குணப்படுத்த இயலாததுமான தொழுநோய் என்னும் தொடரை மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. இத்தொடர்க்கு இணையான வகை மேற்கூறிய மருத்துவ வகைப்பாடுகள் எதனுள்ளும் இல்லை. 1982க்குப் பின்னர் குணப்படுத்த இயலாமை என்னும் கூறு மருத்துவ அடிப்படையையும் இழந்துவிட்டது. எனினும் 2019இல் திருத்தச்சட்டம் வரும்வரை அத்தொடர் நடைமுறையில் இருந்தது.

4. கூட்டுப்பணியின் பொதுநெறிகள்

மரபணு ஆய்வில் இத்தகைய குழப்பம் எழுந்தபோது, வெவ்வேறு உயிரினங்களை ஆராய்வோர் 1998இல் ஒன்றுகூடி 'ஜீன் ஆன்டாலஜி' என்னும் பொதுப் பொருளமைப்பைத் தொடங்கினர். அதன் வெற்றியைத் தொடர்ந்து பல பொருளமைப்புகள் தோன்றின. அவை ஒன்றோடொன்று முரணாமல் வளர்வதற்கெனப் பொதுநெறிகளை வகுத்த 'ஓ.பி.ஓ. ஃபவுண்டரி' என்னும் கூட்டமைப்பின் அடிப்படைக் கட்டுரை 2007இல் வெளிவந்தது. அந்நெறிகளுள் மொழியியலார் கருதத்தக்கவை பின்வருமாறு தொகுத்துரைக்கப்படலாம்.

முதலாவது, கருத்திற்கு நிலையான எண் வழங்குதல். பெயர் மாறலாம், எண் மாறாது. ஒருமுறை வழங்கிய எண்ணை வேறொரு கருத்திற்கு மீண்டும் வழங்குதலும் கூடாது.

இரண்டாவது, ஒவ்வொரு கருத்திற்கும் சொற்களாலான வரையறை தருதல். இன்னதன் வகை, இன்ன கூறால் பிறவற்றினின்று வேறுபடுவது என இனமும் சிறப்பியல்பும் காட்டி வரையறுத்தலே விரும்பப்படுகிறது. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வகுத்த தொல்காப்பிய மரபியலைப் பயின்றோர்க்கு இம்முறை அயலானதன்று.

மூன்றாவது, வழக்கொழிந்த கருத்தை நீக்கிவிடாமல், வழக்கொழிந்தது எனக் குறித்து, அதற்கு மாற்றாக வந்தது எது என்பதையும் பதிதல்.

நான்காவது, மாற்றுப்பெயர்களை அவற்றின் பொருட்பரப்பு நோக்கிச் சரிநிகர், விரிந்தது, குறுகியது, தொடர்புடையது என நான்காக வகுத்துக் குறித்தல்.

ஐந்தாவது, ஒவ்வொரு வெளியீட்டிற்கும் பதிப்பு அடையாளம் தருதல். ஆறாவது, முழுத்தொகுதியையும் யாவரும் பயன்கொள்ளுமாறு திறந்துவைத்தல். ஏழாவது, ஒரு துறைக்கு ஒரே பொருளமைப்பு என்னும் கட்டுப்பாட்டை ஏற்று, பிறர் செய்ததையே மீண்டும் செய்யாமல் அவரோடு கூடிப் பணியாற்றல். எட்டாவது, திருத்தக் கோரிக்கைக்கு விடையிறுக்கும் பொறுப்பாளர் இன்னார் என அறிவித்தல்.

இவற்றோடு தொடர்புடைய பிற முயற்சிகளும் உள்ளன. மேல்நிலைக் கருத்துகளுக்கான 'பேசிக் ஃபார்மல் ஆன்டாலஜி' 2021இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. மருத்துவமனைப் பதிவுகளுக்குரிய 'ஸ்னோமெட் சி.டி.' தொகுதியை நடத்தும் அமைப்பில் இந்தியா 2014இல் உறுப்பினராயிற்று. 2022இல் வெளியிடப்பட்ட ஒரு தரம், இரு தொகுதிகளின் கருத்துகளை இணைத்துக் காட்டும்போது அவ்விணைப்பைச் செய்தவர் யார், எந்த அடிப்படையில், எத்தகைய நிகர்மை என்பவற்றையும் உடன்பதிய வேண்டும் என்கிறது.

5. நெறிகளின் வலிமை

தமிழ்க் கலைச்சொல் தொகுதிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை நிறுத்தும் பட்டியல்களாகவே அமைந்துள்ளன. அருகருகே நிற்கும் இரண்டு சொற்களுக்கு இடையேயுள்ள உறவு சரிநிகரா, விரிந்ததா, குறுகியதா என்பதைப் பட்டியல் கூறுவதில்லை. நான்காம் நெறியைக் கையாண்டால், தொழுநோய் என்னும் கருத்திற்குத் 'தொழுநோய்' சரிநிகர் எனவும், 'குட்டம்' விரிந்தது எனவும் தனித்தனியே குறிக்கலாம். 'வெண்குட்டம்' என்பதை வெண்புள்ளிக் கருத்தின்கீழ், வழக்கில் தவிர்க்கத்தக்கது என்னும் குறிப்புடன் வைக்கலாம். 'தேமல்' என்பதைத் தோல் திட்டு என்னும் அறிகுறிக்குப் பொதுவழக்குப் பெயராகவும், பூஞ்சை நோய்க்குத் துறைவழக்குப் பெயராகவும் இரண்டு இடங்களில் வைத்து, மயக்கம் நேரும் இடம் இது எனச் சுட்டலாம். மனித உடல்நிலை மாற்றங்களைத் தொகுக்கும் ஒரு பெரிய பொருளமைப்பு, பொதுமக்கள் வழங்கும் பெயர்களைத் தனிக்குறியீட்டுடன் ஏற்றுக்கொண்டுள்ளமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

வரையறை இன்றியமையாதது என்பதற்கும் தொழுநோயே சான்று தருகிறது. ஹான்சன் கண்ட நுண்ணுயிரால் வருவதே தொழுநோய் என நெடுங்காலம் வரையறுக்கப்பட்டது. 2008இல் அந்நோயை விளைவிக்கும் மற்றொரு நுண்ணுயிர் இனம் அறியப்பட்டது. சொற்பட்டியலில் இதனால் மாறுவது ஒன்றுமில்லை. வரையறையுடைய தொகுதியிலோ திருத்தம் செய்ய வேண்டிய இடம் உடனே தெரிகிறது; திருத்திய நாளும் காரணமும் பதிவாகின்றன.

இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. நோய், நோயின் போக்கு, நோய் விட்டுச்சென்ற ஊனம் ஆகியவற்றைப் பொருளமைப்பு வெவ்வேறு கருத்துகளாகப் பிரிக்கிறது. நோய்களின் அனைத்துலக வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பும் தொழுநோய்க்கு 'ஏ30' என்றும் தொழுநோயின் பின்விளைவுகளுக்குப் 'பி92' என்றும் தனித்தனிக் குறிகளைத் தந்துள்ளது. தமிழ் வழக்கிலோ, சிகிச்சை முடிந்து நோய் நீங்கியவரும், விரல் மடங்கிய ஒரே காரணத்தால் வாழ்நாள் முழுதும் 'தொழுநோயாளி' என்றே அழைக்கப்படுகிறார். நோயரை நோயின் பெயராலேயே சுட்டும் ஆங்கிலச் சொல்லைக் கைவிட வேண்டும் என 1948இல் ஹவானா மாநாடு தீர்மானித்தது. பிரேசில் நாடு 1995இல் சட்டத்தின்வழி நோயின் பழம்பெயரையே அரசு ஆவணங்களிலிருந்து அகற்றியது. பெயரை மாற்றுவது ஒரு வழி. நோயுற்றவரையும் நோய் நீங்கியவரையும் வேறுவேறு சொற்களால் சுட்டுவது மற்றொரு வழி. பின்னதற்குரிய சொல்லாக்கம் தமிழில் போதிய கவனம் பெறவில்லை.

6. நெறிகளின் குறைபாடு

இந்நெறிகளை மறுபரிசீலனையின்றி அப்படியே ஏற்பதும் தக்கதன்று. மூன்று குறைபாடுகள் குறிப்பிடத்தக்கன.

ஒன்று, பொருளமைப்பின் கருத்துகள் உலகில் உள்ளவற்றையே சுட்ட வேண்டும் என இந்நெறிகளை வகுத்தோருள் பலர் வலியுறுத்துகின்றனர். பி.பி., எம்.பி. என்னும் பிரிவுகளோ இயற்கையில் உள்ள இனங்கள் அல்ல. ஐந்து திட்டுகள் உடையவரையும் ஆறு திட்டுகள் உடையவரையும் பிரிக்கும் கோடு, மருந்து வழங்கும் பணியாளரின் வசதிக்காக இடப்பட்டது. இரு பிரிவினர்க்கும் மூன்று மருந்துகளையே வழங்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்ததும் அக்கோட்டின் பயன் பெரிதும் சுருங்கிற்று. நடைமுறை வகையையும் இயல்பு வகையையும் ஒரே மரத்தின் கிளைகளாக வைத்தால், நாளைய நடைமுறை மாற்றம் அறிவின் மாற்றமாகத் தோன்றும். ஒவ்வொரு வகைக்கும் அது எந்த நோக்கத்திற்காக வகுக்கப்பட்டது என்பதைப் பதிதல் வேண்டும்.

இரண்டு, முதன்மைப் பெயரும் வரையறையும் ஆங்கிலத்திலேயே எழுதப்பெற்றுப் பிறமொழிப் பெயர்கள் பின்னர் ஒட்டப்படுகின்றன. இதனால் ஆங்கிலம் பிரித்துக்காட்டும் கருத்திற்கே எண் கிடைக்கிறது; தமிழ் ஒரே சொல்லால் பிரித்துக்காட்டும் கருத்து மாற்றுப்பெயராகச் சுருங்குகிறது. வலியைக் குறிக்கும் குத்தல், கடுப்பு, குடைச்சல், உளைச்சல், எரிச்சல் ஆகிய சொற்கள் யாவும் ஒரே எண்ணின்கீழ் மாற்றுப்பெயர்களாக அடுக்கப்படின், நோயாளி உணர்த்திய வேறுபாடு பதிவில் மறைந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் புதிய கருத்தைக் கோரும் உரிமையுடையவர் என்பது நெறியிலேயே இடம்பெற வேண்டும்.

மூன்று, ஒரு துறைக்கு ஒரே பொருளமைப்பு என்னும் கட்டுப்பாடு மரபு மருத்துவங்களின் எல்லையில் தடுமாறுகிறது. குட்டம் என்பது சித்த மருத்துவத்தில் தனக்கேயுரிய காரணக் கோட்பாட்டோடு நிற்கும் கருத்து. அதனைத் தொழுநோயின் பழைய பெயராகக் கொள்வது இரு துறைகளுக்கும் இழைக்கும் பிழை. 2024 ஜனவரியில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றின் நோய்ப்பெயர்கள் நோய்களின் அனைத்துலக வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் தனித்தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. இரண்டையும் தனித்தனியே நிறுத்தி இரட்டைக் குறியிடும் இம்முறை, ஒன்றை மற்றொன்றாகத் திரிக்காமையால் போற்றத்தக்கது. ஆயினும் மூன்று மரபுகளையும் ஒரே தொகுதியுள் அமைக்கும்போது, ஆயுர்வேதக் குஷ்டமும் சித்தக் குட்டமும் எண்ணிக்கை ஒத்தமையாலேயே நிகராகிவிடும் எனக் கொள்ளுதல் கூடாது. அவ்விணைப்பின் அடிப்படையைச் சான்றுடன் பதிதல் தமிழ் அறிந்தாரின் கடமையாகும்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் புலனாகின்றன. தமிழ் மருத்துவக் கலைச்சொல் தொகுதி சொல்லுக்குச் சொல் என்னும் பட்டியல் நிலையிலிருந்து, எண்ணும் வரையறையும் உடைய கருத்துத் தொகுதி நிலைக்கு மாறுதல் வேண்டும். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் பொருட்பரப்பும் அதனை வழங்குவோர் யார் என்பதும் குறிக்கப்பெற வேண்டும். பழஞ்சொற்களை நீக்காமல், அவை எப்போது எந்தப் பொருளில் வழங்கின என்னும் குறிப்போடு வைத்துக்கொள்ள வேண்டும்; பழைய பதிவேடுகளைப் படிப்பதற்கு அவையே திறவுகோல்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் தம் மாணவர்களோடு கூடி மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். எனவே கூட்டுமுயற்சி தமிழுக்குப் புதிதன்று. அம்முயற்சியில் மருத்துவம் அறிந்தாரும் மொழி அறிந்தாரும் பங்கேற்றனர். இன்று அவ்விருவரோடு மூன்றாமவராக நோயுற்றோரும் பங்கேற்க வேண்டும். எந்த மாநாட்டுத் தீர்மானத்திற்கும் காத்திராமல், வெண்குட்டம் என்னும் சொல்லின் பிழையை முதலில் உணர்ந்து மாற்றக் கோரியவர்கள் அச்சொல்லால் இழப்புற்றவர்களே என்பது இங்கு நினைக்கத்தக்கது. கூட்டுப்பணிக்கான பொதுநெறிகளுள் இவ்வுரிமையும் ஒரு நெறியாகச் சேர்க்கப்பெறின், அவை தமிழுக்கு மட்டுமன்றி, வடாலா போன்ற பன்மொழிச் சூழல்கள் அனைத்திற்கும் பயன்படுவனவாகும்.